பழைமைக்கு விலை

பழைய நாட்களின் மீதுள்ள மோகத்தைப் போல் சுலபமாய் விலைபோகும் சரக்கு வேறில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. 1994ஆம் வருஷம் டிசம்பர் 3ந் தேதி ஜப்பானில் ஸோனி கம்பெனியார் வெளியிட்ட பிளேஸ்டேஷன் என்னும் விளையாட்டு யந்திரத்தை நேயர்கள் அறிவார்கள். சரியாக 24 வருஷங்கள் கழித்து, 2018 டிசம்பர் 3ந் தேதி, அதையே கையடக்கமாகச் செய்து மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே 20 விளையாட்டுக்கள். அமெரிக்காவில் விலை 100 டாலர்.

இளமைப் பருவத்தை விலைக்கு வாங்கச் சென்றவர்களுக்குக் கிடைத்தது ஏமாற்றமே. மின்சாரத்தில் சொருகும் அடாப்டர் பெட்டியில் இல்லை. அது போகட்டும். டெக்கன் 3 உள்பட 9 விளையாட்டுக்கள், ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கென விநாடிக்கு 50 படங்களாக அமைந்த பிரதிகள். 60 படங்களில் விளையாடிப் பழகிய அமெரிக்கருக்கு அவை நொண்டி நடை போட்டன. சில வாரங்களில் விலை 60 டாலராக இறங்கிற்று. அவசரப்பட்டு முதல் நாளே வாங்கியவர்களின் மனத்தாங்கலைச் சொல்ல வேண்டுமா?

இதில் பணநஷ்டம் பெரிதென்று நாம் கருதவில்லை. ஒருவன் பால்யத்தில் விரும்பி விளையாடியதன் வேகங்கூட அவன் விரல்களுக்கு நினைவிருக்கும். அந்த நினைவை விற்க முன்வருவோர், வாங்குபவனைக் காட்டிலும் அதைச் சிரத்தையுடன் போற்ற வேண்டாமா?