உலை நின்ற பிறகு என்ன? அணுமின் நிலையப் பாதுகாப்பு குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்பதில் எங்கள் உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் மின்சாரம் அடியோடு போனாலும் உலை குளிர்ந்தாக வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை.

உலையை நிறுத்துவது சில விநாடி வேலை. ஆபத்து அதற்குப் பிறகுதான். கூடங்குளத்தில் உள்ள 1000 மெகாவாட் உலை ஒன்று, ஓடும்போது சுமார் 3000 மெகாவாட் வெப்பம் தருகிறது. நிறுத்திய கணத்திலும் அதில் 6 சதவீதத்துக்கு மேல் எரிபொருளில் எஞ்சியிருக்கும். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவு வெப்பம் வந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கத் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீரை ஓட்ட பம்பு வேண்டும். பம்பு ஓட மின்சாரம் வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுக்குஷிமா நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் நிலநடுக்கம் வந்ததும் முறையாகவே நின்றன. டீசல் ஜெனரேட்டர்களும் ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் வந்த சுனாமி, கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்த ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. தனிக் கட்டடத்தில் இருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர்தான் தொடர்ந்து மின்சாரம் தந்தது. 5, 6ஆம் உலைகள் பிழைத்தது அதனால்தான்.

நம் நாட்டிலும் இப்படி மின்சாரம் அடியோடு போனதுண்டு. உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31 அதிகாலை டர்பைன் தகடுகள் முறிந்தன. ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. ஜெனரேட்டர்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் அவசர மின்சாரத்துக்கான கேபிள்களும் மற்றக் கேபிள்களோடு ஒரே வழியில் போனதால் எல்லாம் சேர்ந்து எரிந்தன. சுமார் 17 மணி நேரம் உலைக்கு மின்சாரம் இல்லை. டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளால் தண்ணீர் செலுத்தி நிலையத்தைக் காப்பாற்றினார்கள். கதிரியக்கம் வெளியேறவில்லை. அன்று பணியில் இருந்தவர்களை வணங்குகிறோம். அதே சமயம், அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது வடிவமைப்பின் குறை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் கல்பாக்கத்தில் கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாமல், காற்றோட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு உண்டு. இவற்றை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை.

எங்கள் கோரிக்கை இது. மாற்று மின்சாரத்தின் ஜெனரேட்டர், கேபிள், சுவிட்ச் பலகை எல்லாமே தனிச் சுவருக்குள், தனி வழியில், வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். எண்ணிக்கையில் இரண்டு இருப்பது மட்டும் போதாது. வெளி மின்சாரமும் ஜெனரேட்டரும் சேர்ந்தே போய்விட்டதாக வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் ஒத்திகை நடத்த வேண்டும். அதில் கண்ட குறைகளையும் சேர்த்து, அறிக்கையைத் தமிழில் வெளியிட்டு ஊராட்சி அலுவலகங்களில் வைக்க வேண்டும். காவல் சார்ந்த விவரங்களை மட்டும் நீக்கிக்கொள்ளலாம்.

கூடங்குளம், கல்பாக்கம் வட்டார மக்கள் வரும் கிராம சபைக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.