உறுதிமொழி போதும், ஆள் போடுங்கள்

ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறார்கள். போதைக்கு எதிராக உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள். படம் எடுத்ததும் அரசின் கடமை முடிந்துவிடுகிறது.

குடித்துவிட்டு வரும் அப்பாவிடம் அம்மா அடிபடுவதை இரவெல்லாம் பார்த்த பிள்ளையும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. அதனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நாளை அதே பிள்ளை போதையோடு பிடிபட்டால் பள்ளி டி.சி. கொடுத்து அனுப்பும். அப்போதும் கேட்பதில்லை.

தெரியாமல் நடக்கும் தவறல்ல இது. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998-லேயே ஆய்ந்து சொல்லிவிட்டார்கள். அடி, பாலியல் கொடுமை, தாய் மீதான வன்முறை, வீட்டில் குடிநோயாளி, சிறை சென்ற உறவு: இத்தகைய துயரங்களில் நான்கையோ அதற்கு மேலோ சிறுவயதில் கண்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம். அதன் பிறகும் நாம் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

சிறார் போதைப் பழக்கம் பற்றி ஆறு மாதத்தில் கணக்கெடுக்கும்படி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் அறிக்கை வெளிவந்தது 2019-இல். முகர்ந்து போதையேற்றும் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படும் சிறார் 4.6 லட்சம் என்றது அது. பெரியவர்களைவிடச் சிறாரிடம் மிகுந்திருக்கும் போதை இது ஒன்றே. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் நனைத்து முகரும் பிள்ளையை ரயில் நிலையத்தில் விரட்டுகிறோம். எந்த வீட்டுக்குப் பயந்து ஓடிவந்தது என்று விசாரிப்பதில்லை. சிறாருக்குப் போதைப்பொருள் கொடுத்தால் ஏழாண்டு வரை சிறை என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசே. கடைக்கு மேற்பார்வையாளர் உண்டு. விற்பனையாளர் உண்டு. அந்தக் கடையிலிருந்து தள்ளாடி வீடு திரும்புகிறவரின் பிள்ளை படிக்கும் பள்ளியில் ஆலோசகர் உண்டா? கடைக்கு ஆள் போடத் தெரிந்தவர்களுக்குப் பள்ளிக்கு ஆள் போடத் தெரியாதா?

பள்ளிதோறும் முழுநேர ஆலோசகர் வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சிறாருக்கெனத் தனி மீட்புப் பிரிவு வேண்டும். குடிநோய் சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவரின் பிள்ளைகளையும் மருத்துவமனையே நேரில் பார்க்க வேண்டும். டி.சி. கொடுப்பது உடனே நிற்க வேண்டும்.

அடுத்த நிதிநிலை அறிக்கையில் இந்தப் பணியிடங்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிதி, பள்ளிக்கல்வி, மதுவிலக்கு அமைச்சர்கள் மூவரும் சட்டமன்றத்தில் எழுந்து காரணம் சொல்ல வேண்டும்.