எத்தனை பந்து வீசலாம்? சிறுவர் பேஸ்பாலில் ‘பிட்ச் கவுன்ட்’ ஏன் அவசியம்?

2019 ஜூலை 25. ஜப்பானின் இவாடே மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான பேஸ்பால் இறுதிப்போட்டி. ஜெயித்தால், நாடே டிவி முன் உட்கார்ந்து பார்க்கும் ‘கோஷியன்’ தேசியத் தொடருக்குப் போகலாம். ஓஃபுனாடோ பள்ளி அணியில், மணிக்கு 163 கி.மீ. வேகத்தில் பந்து வீசிக் காட்டிய 17 வயது ரோகி சசாகி இருக்கிறார். ஆனால் கோச் அவரைக் களத்தில் இறக்கவே இல்லை. அணி 12-2 எனத் தோற்றது. பள்ளிக்குக் கோபமான போன் அழைப்புகள் குவிந்தன.

கோச் ஏன் அப்படிச் செய்தார்? முதல் நாள் அரையிறுதியில் சசாகி 129 பந்துகள் வீசியிருந்தார். அதற்கு மூன்று நாள் முன்பு இன்னொரு போட்டியில் 194 பந்துகள். 17 வயதுக் கைக்கு இது போதும் என்பது கோச்சின் முடிவு. ஆனால் இப்படி ஒரு முடிவைத் தனி ஆளின் தலையில் கட்டலாமா? ‘பிட்ச் கவுன்ட்’ விதிகள் பதில் தேடுவது இந்தக் கேள்விக்குத்தான்.

பிட்ச் கவுன்ட் என்றால் என்ன?

கிரிக்கெட்டில் ஆறு பந்து முடிந்தால் அடுத்த ஓவர் வேறொருவருக்கு. பேஸ்பாலில் அப்படி இல்லை. கோச் மாற்றும்வரை ஒரே பிட்ச்சர் வீசிக்கொண்டே இருக்கலாம். அவர் பேட்டருக்கு வீசும் ஒவ்வொரு பந்தையும் எண்ணி, வரம்பு வந்ததும் நிறுத்துவதுதான் பிட்ச் கவுன்ட்.

அமெரிக்காவின் பிரபல சிறுவர் அமைப்பான லிட்டில் லீக், முன்பு இன்னிங்ஸ் கணக்கில்தான் வரம்பு வைத்திருந்தது. இதில் ஒரு சிக்கல். ஓர் இன்னிங்ஸ் எட்டுப் பந்திலும் முடியும், முப்பத்தைந்து பந்துக்கும் இழுக்கும். அதனால் 2007இல் பந்துகளை எண்ணும் முறைக்கு மாறியது. ஒரு நாளைக்கான வரம்பு இதுதான்:

7-8 வயது: 50 பந்துகள்
9-10 வயது: 75
11-12 வயது: 85
13-16 வயது: 95
17-18 வயது: 105

கூடவே கட்டாய ஓய்வும் உண்டு. 14 வயதுவரை உள்ளவர்கள் ஒரே நாளில் 66 பந்து அல்லது அதற்கு மேல் வீசினால், நான்கு நாள் பிட்ச் செய்யக் கூடாது. 20க்குள் நிறுத்திக்கொண்டால் ஓய்வு தேவையில்லை.

கைக்குள் என்ன நடக்கிறது?

வேகமாக வீசும்போது முழங்கையின் உட்புறம் இருக்கும் லிகமென்ட் பலமாக இழுபடுகிறது. வளரும் பிள்ளைகளுக்கு அங்கே எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் முழுசாக இறுகியிருக்காது. ஒவ்வொரு வீச்சிலும் ஏற்படும் சின்னச் சின்னச் சேதத்தை உடல் ஓய்வில் சரிசெய்துகொள்ளும். ஓய்வே இல்லையென்றால் சேதம் சேர்ந்துகொண்டே போகும்.

லிகமென்ட் கிழிந்தால் செய்யும் ஆபரேஷனுக்கு ‘டாமி ஜான் சர்ஜரி’ என்று பெயர். 1974இல் டாட்ஜர்ஸ் அணியின் பிட்ச்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தார். தொழில்முறை வீரரைக் காப்பாற்றப் பிறந்த சிகிச்சை இது. ஆனால் 2007 முதல் 2011 வரையிலான அமெரிக்கத் தனியார் இன்ஷூரன்ஸ் தரவுகளை ஆராய்ந்தபோது, இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 56.7% பேர் 15 முதல் 19 வயதுக்குள் இருந்தார்கள்.

ஆய்வுகள் காரணத்தையும் காட்டுகின்றன. 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆபரேஷன் செய்துகொண்ட இளம் பிட்ச்சர்களையும் காயமில்லாதவர்களையும் ஒப்பிட்டது. கை சோர்ந்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு ஆபத்து 36 மடங்கு. ஆண்டுக்கு 8 மாதத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு 5 மடங்கு. 481 சிறுவர்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குப் பெரிய காயம் ஏற்படும் வாய்ப்பு 3.5 மடங்காக இருந்தது.

‘வலிச்சா சொல்ல மாட்டானா?’

சொல்ல மாட்டான். அதுதான் பிரச்சினையே. சொன்னால் அடுத்த மேட்சில் இடம் போய்விடும் என்ற பயம் பையனுக்கு. கோச்சுக்கு வெற்றி வேண்டும். பெற்றோருக்கு ஸ்காலர்ஷிப் கனவு. பிள்ளையின் மேல் எல்லோருக்கும் அக்கறை இருந்தாலும், கடைசி இன்னிங்ஸில் ‘இன்னும் ஒரே ஒரு பேட்டர்தானே’ என்றுதான் தோன்றும். அங்கே பையனுக்காகப் பேசுவது அந்த எண் மட்டும்தான்.

ஜப்பானில் இந்த மனநிலை இன்னும் ஆழமானது. 1998 கோஷியனில் டைசுகே மட்சுசாகா ஒரே போட்டியில் 17 இன்னிங்ஸ், 250 பந்துகள் வீசினார். அதற்கு முதல் நாள் 148. 2006இல் யூகி சைட்டோ ஒரே தொடரில் 948, 2018இல் கோசெய் யோஷிடா 881. நாடே இவர்களை வீரத்தின் அடையாளமாகக் கொண்டாடியது.

2018 டிசம்பரில் நீகாட்டா மாகாண சம்மேளனம், போட்டிக்கு 100 பந்து என்று வரம்பு அறிவித்தது. தேசிய சம்மேளனம் மறுபரிசீலனை செய்யச் சொன்னதும் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் விவாதம் ஓயவில்லை. கடைசியில் தேசிய சம்மேளனமே, ஒரு வாரத்துக்கு 500 பந்து என்ற விதியை 2020இல் கொண்டுவந்தது.

எதிர்ப்பிலும் நியாயம் இருக்கிறது. பெரிய தனியார் பள்ளிகளில் நல்ல பிட்ச்சர்கள் மூன்று, நான்கு பேர் இருப்பார்கள். கிராமத்துப் பள்ளியில் ஒருவர் கிடைத்தாலே அதிசயம். வரம்பு வைத்தால் அடி விழுவது சின்னப் பள்ளிக்குத்தான். ஆனால் அந்த ஏற்றத்தாழ்வை ஒரு பையனின் முழங்கையை வைத்துச் சரிகட்ட முடியுமா?

எண்ணினால் மட்டும் போதுமா?

போதாது. ஜப்பான் விதியில் ஒரு நாளுக்கென்று தனி வரம்பே இல்லை. அந்த வாரத்தில் அதற்குமுன் வீசாத ஒருவர், அடுத்தடுத்த இரண்டு நாளில் 400 பந்து வீசினாலும் விதி தடுக்காது.

அமெரிக்காவில் வேறு சிக்கல். சனிக்கிழமை பள்ளி அணி, ஞாயிற்றுக்கிழமை கிளப் அணி என்று ஆடும் பையனின் கணக்கு இரண்டு நோட்டுகளில் இருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. வார்ம்-அப் வீச்சுகளும் கணக்கில் வராது. ஃபுளோரிடாவில் உயர்நிலைப் பள்ளி வீரர்களைக் கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், போட்டி நாளில் வீசப்பட்ட பந்துகளில் சுமார் 42% கணக்கிலேயே சேரவில்லை.

அடுத்தது வேகம். மேஜர் லீக் பேஸ்பால் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, எப்போதும் முழு பலத்தில், இன்னும் வேகமாக வீசத் துடிப்பதைக் காயங்களுக்கு முக்கியக் காரணமாகக் காட்டியது. 60 பந்தை நிதானமாக வீசுவதும், ஸ்பீடு கன்னைப் பார்த்துப் பார்த்து வீசுவதும் ஒன்றல்ல. பிட்ச் கவுன்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஓய்வு கொடுத்தால் காயமே வராது என்ற உத்தரவாதமும் இல்லை. சசாகி 2022இல், 20 வயதில், ஒரு பேட்டரைக்கூட பேஸுக்கு விடாமல் ‘பெர்ஃபெக்ட் கேம்’ வீசினார். அதே சசாகிக்கு 2025இல் டாட்ஜர்ஸ் அணியில் தோள்பட்டைப் பிரச்சினை வந்தது.

அப்படியென்றால் என்ன செய்வது?

மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் 2014இல் தொடங்கிய ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல், பந்து வரம்போடு நிற்கவில்லை. 12 வயதுவரை உள்ளவர்கள் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு மாதம் வீசுவதையே நிறுத்த வேண்டும், ஒரே சமயத்தில் பல அணிகளுக்கு ஆடுவதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது.

இதற்குப் பெரிய டெக்னாலஜி எதுவும் தேவையில்லை. போனில் ஒரு நோட் போதும். எந்த அணிக்காக வீசினாலும், அந்த ஒரே பட்டியலில் தேதியும் எண்ணிக்கையும் ஏற வேண்டும். ஒவ்வொரு கோச்சுக்கும் தன் அணியின் மேட்ச் மட்டும்தான் தெரியும். எல்லா மேட்சுக்கும் கூட்டிப்போகிற அப்பா அம்மாவுக்குத்தான் முழுக் கணக்கும் தெரியும்.