எதோடு ஒப்பிட்டீர்கள்?

சென்னையின் பாடியிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலையில் ஒருமுறை போய்வந்தால் போதும். மூட்டுவலி, முதுகுவலி, சர்க்கரை, குழந்தையின்மை என்று எத்தனையோ சிகிச்சை விளம்பரங்கள் கண்ணில் படும். இப்படிப்பட்ட விளம்பரங்கள் பெரும்பாலும் காட்டும் ஆதாரம் ஒன்றுதான்: குணமடைந்தவர்களின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை உண்மையாகவே இருக்கட்டும். அதே நோயோடு அந்தச் சிகிச்சையை எடுக்காமல் இருந்தவர்களில் எத்தனை பேர் குணமடைந்தார்கள் என்று சொல்லாதவரை அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. இந்தப் பாடத்தை உலக மருத்துவத்துக்குக் கற்றுத்தந்த ஊர்களில் முக்கியமானது, இதே சாலை போய்ச் சேரும் திருவள்ளூர்.

திருவள்ளூர் சொன்ன பதில்

காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி 1948-ல் இந்தியாவுக்கு வந்தது. பிரிட்டனில் பதின்பருவத்தினரிடம் நடந்த ஆய்வு, அது முக்கால் பங்குக்கும் மேல் பாதுகாப்புத் தருவதாகக் காட்டியது. இங்கோ, ஊரெங்கும் அதைப் போடுவதை ராஜாஜி 1955-ல் வெளிப்படையாக எதிர்த்தார். ஆதரித்தவர்களிடமும் எதிர்த்தவர்களிடமும் உறுதியான நம்பிக்கை இருந்தது. நம் மண்ணில் எடுத்த கணக்கு இருவரிடமும் இல்லை.

அந்தக் கணக்கை எடுக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவை சேர்ந்து 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் ஆய்வைத் தொடங்கின. 1971-க்குள் சுமார் 2.8 லட்சம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். யாருக்குப் பிசிஜி, யாருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி என்பதைக் குலுக்கல் முறை முடிவுசெய்தது. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

இரண்டரை மாதம் கழித்துத் தோலில் செய்த டியூபர்குலின் பரிசோதனை, தடுப்பூசி நன்றாக வேலை செய்வதாகவே காட்டியது. அத்தோடு ஆய்வை முடித்திருந்தால் மகத்தான வெற்றி என்று அறிவித்திருப்பார்கள். ஆனால், ஆய்வாளர்கள் காத்திருந்தார்கள். ஏழரை ஆண்டு முடிந்தபோது, சளியில் கிருமி தென்படும் நுரையீரல் காசநோய் இரு தரப்பிலும் ஒரே அளவில்தான் வந்திருந்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதையே உறுதிசெய்தது. நம் மண்ணிலும் நீரிலும் இயல்பாக உள்ள, காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளுக்கு உடல் முன்பே பழகியிருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதனால் பிசிஜி வீண் என்று ஆகிவிடாது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது தடுக்கிறது. பிறந்தவுடன் அதைப் போடுவதற்குக் காரணம் அதுதான். எந்த நோய்க்கு, எந்த வயதில், எந்த ஊரில் என்று பிரித்துக் கேட்டால்தான் ஓர் ஆய்வின் பதில் நமக்குப் பயன்படும்.

அடுத்த பெரிய ஆய்வை நடத்தியது ஆவடியில் இருந்த ஐ.சி.எம்.ஆரின் தொழுநோய்க் களப்பிரிவு. 1990-களில் 1,71,400 பேரிடம் நான்கு வகைத் தடுப்பூசிகளையும் வெற்று ஊசியையும் ஒரே வேளையில் ஒப்பிட்டார்கள். தொழுநோய்க்கு எதிராக இரண்டு தடுப்பூசிகள் சுமார் 65% பாதுகாப்புத் தந்தன. மற்றொன்று 26% மட்டுமே தந்தது. காசநோயில் பெரியவர்களைக் கைவிட்ட பிசிஜி, தொழுநோயில் 34% காத்தது. தனித்தனியாகச் சோதித்திருந்தால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் மருந்தே சிறந்தது என்று சொல்லியிருக்க முடியும். ஒரே மக்களிடம் சேர்த்துச் சோதித்ததால் அதற்கு இடமில்லாமல் போனது. அந்தக் களப்பிரிவை உள்ளடக்கி 1999-ல் உருவானதுதான் இன்று அம்பத்தூர் அயப்பாக்கத்தில் இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம்.

பிளாஸ்மா சொன்ன பாடம்

அந்த நிறுவனத்துக்கும் பங்குள்ள ஆய்வு ஒன்று 2020-ல் நடந்தது. கரோனாவிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மா நோயாளியைக் காக்குமா என்பது கேள்வி. 39 மருத்துவமனைகள், 464 நோயாளிகள். பிளாஸ்மா பெற்றவர்களில் 19% பேருக்கு நோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. பெறாதவர்களில் 18%.

பிளாஸ்மா ஏற்றிய மருத்துவரின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். அவர் கண்ணெதிரே நூற்றுக்கு 81 பேர் தேறினார்கள். அவர்களின் குடும்பங்கள் பிளாஸ்மா கொடுத்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். அந்த மருத்துவரின் அனுபவம் பொய்யில்லை. குடும்பத்தின் நன்றியும் பொய்யில்லை. பிளாஸ்மா இல்லாமலே 82 பேர் தேறியதை அறிய ஒப்பீட்டுக் குழுவைத் தவிர வேறு வழியே கிடையாது. மூட்டுவலி, முதுகுவலிக்கும் இது பொருந்தும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரைத் தேடுகிறோம். பல வலிகள் அதன்பிறகு தானாகவே தணிகின்றன. அப்போது கையில் எந்தச் சிகிச்சை இருந்ததோ அதற்குப் பெயர் போய்ச் சேருகிறது.

பிளாஸ்மா ஆய்வின் முடிவு 2020 அக்டோபரிலேயே வெளியானது. ஆனால், 2021 மே மாதம்தான் ஐ.சி.எம்.ஆர். தன் வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை நீக்கியது. இரண்டாம் அலையில் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்த குடும்பங்கள், பிளாஸ்மாவுக்கும் சேர்த்து அலைந்தன. கிடைத்த அறிவு சேர வேண்டியவர்களிடம் சேராததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

கருவிகளையும் கேட்க வேண்டும்

அதே நாட்களில் வீடுவீடாக நுழைந்த, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் ஆக்ஸிமீட்டரைப் பெரும்பாலோர் சந்தேகிக்கவில்லை. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்த நிலை வெள்ளையின நோயாளிகளோடு ஒப்பிட்டால் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. கறுத்த தோலில் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிறது. பலரும் கறுத்த தோல் உடைய நம் ஊரில், வாங்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கருவிகளுக்கான சட்டமும் மருந்துகளுக்கு உள்ளதுபோல் இறுக்கமாக இல்லை. 2017-ன் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி, ஏற்கெனவே அனுமதி பெற்ற கருவிக்கு இணையானது என்று காட்டினால், நோயாளிகளிடம் புதிதாகச் சோதிக்காமலே அனுமதி பெற வழி இருக்கிறது. ஆகவே, அனுமதி பெற்றது என்ற முத்திரை, அது பலன் தரும் என்பதற்குச் சான்று ஆகாது.

செய்ய வேண்டியவை அரசின் கையிலேயே இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கும் ஒவ்வொரு புதிய சிகிச்சைக்கும் கருவிக்கும், அது எதோடு ஒப்பிடப்பட்டது, எத்தனை பேரிடம், எவ்வளவு காலம், பலன் எவ்வளவு, கெடுதல் எவ்வளவு என்பதை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக வெளியிட வேண்டும். தனியார் மருத்துவமனைகள் விலைப்பட்டியலோடு அதையும் தர வேண்டும். திருவள்ளூர் வட்டாரத்தின் 2.8 லட்சம் பேர் கையை நீட்டியதால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு ஆங்கில ஆய்விதழ்களில் இருக்கிறது. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் முன், அதற்கு என்ன ஆதாரம் என்பதைத் தமிழில் படித்துத் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு.