தொப்புள் ஊசிக்கு இன்னும் பயமா?

நாய் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள் வீட்டில்.

"போகாதே! தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள். கை கால் விழுந்துவிடும்" என்கிறார் ஒரு பெரியவர்.

அவ்வளவுதான்! பயணம் நின்றுவிடுகிறது. காயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள்.

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்கள் சிலர் இன்னும் இப்படிச் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது கட்டுக்கதை அல்ல. ஒரு காலத்தில் அது உண்மை. ஆனால், இன்று அது உண்மை அல்ல. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் உயிர் போகும்.

ஆட்டு மூளை மருந்து

1911-ம் ஆண்டு, வடக்கே கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற டாக்டர் வெறிநாய்க்கடிக்கு ஒரு தடுப்பு மருந்து செய்தார். நோய்க் கிருமியைப் பிராணிகளின் மூளையில் வளர்த்து, பிறகு அதைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று செய்த மருந்து அது. நம் நாட்டில் இதற்கு ஆட்டு மூளை பயன்பட்டது. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இந்த மருந்து தயாரானது. கடிபட்டவர்கள் பல லட்சம் பேருக்கு அதைப் போட்டார்கள்.

ஆனால், ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒரு சிலருக்குக் கை கால் விழுந்தது. சிலர் இறந்தும் போனார்கள். நாய் கடித்ததால் வந்த நோய் அல்ல அது. அப்படியானால் காரணம் என்ன?

குரங்கு சொன்ன பதில்

அமெரிக்காவில் தாமஸ் ரிவர்ஸ் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். நோயே இல்லாத முயலின் மூளைச் சத்தைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி மூலம் செலுத்தினார். அதில் வெறிநோய்க் கிருமி கிடையாது. அப்படியும் சில குரங்குகளுக்குக் கை கால் தளர்ந்தது! 1933-லும் 1935-லும் இந்த முடிவுகள் வெளிவந்தன.

பம்பு செட் மோட்டாருக்குப் போகும் வயரைப் பாருங்கள். உள்ளே கம்பி, மேலே உறை. நம் நரம்புக்கும் அப்படி ஓர் உறை உண்டு. உறை கெட்டால் மூளை இடும் கட்டளை கை காலுக்குப் போய்ச் சேராது. ரிவர்சின் குரங்குகளுக்கு அந்த உறைதான் கெட்டிருந்தது.

உறையைக் கெடுத்தது யார்? 1960-ல் பிலிப் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி இதற்கு விடை கண்டார். நோயுற்ற எலிகளின் நெறிக்கட்டுகளில் இருந்த வெள்ளை அணுக்களை எடுத்து நல்ல எலிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் நோய் வந்தது!

வெள்ளை அணுக்கள் உடம்பின் காவல்காரர்கள். வெளியிலிருந்து வந்த மூளைச் சத்தைத் திருடன் என்று அவை அடையாளம் வைத்துக்கொண்டன. அதே சாயலில் இருந்த சொந்த நரம்பின் உறையையும் தாக்கின. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

புதிய ஊசி

மூளைச் சத்துதான் குற்றவாளி என்று தெரிந்ததால் மூளையே இல்லாத மருந்தைத் தேடினார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்க்கும் செல்களில் கிருமியைப் பெருக்கிச் செய்யும் மருந்து வந்தது. பழைய மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் 2004 டிசம்பரோடு நின்றுவிட்டது.

இப்போது ஊசி கையில்தான். நாலைந்து தடவை போனால் போதும். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. கைக்குழந்தைக்கும் போடலாம், கர்ப்பிணிக்கும் போடலாம்.

நாய் கடித்தால் முதலில் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் காயத்தைக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் உண்டு. டாக்டர் சொல்லும் தேதிகளில் ஓர் ஊசியைக்கூட விடக் கூடாது.

வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஊசிக்குப் பயந்து உயிரை விடலாமா?

பள்ளிக்கூட ஆசிரியர்களும் பஞ்சாயத்தாரும் இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பழைய ஊசி போய்விட்டது. பழைய பயமும் போக வேண்டும்!