உப்பும் பனிக்கட்டியும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் உபாத்தியாயருக்கு ஓய்வு என்று எண்ணுகிறவர்கள், அவருக்குத் தங்கை ஒருத்தி இருக்கக்கூடும் என்பதையும், அந்தத் தங்கைக்குக் குழந்தைகள் இருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். இவ்வருஷம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் மூவர். மூத்தவள் பதின்மூன்று வயதுப் பெண். நடுவிலுள்ளவன் ஒன்பது வயதுப் பையன். கடைக்குட்டிக்கு ஐந்து வயது. வந்த மறுநாளே தெருவில் ஐஸ் வண்டியின் மணி ஒலித்தது. மூவரும் வாசலுக்கு ஓடினார்கள். நாலு நாள் இப்படி ஓடியதில் என் சட்டைப்பையிலிருந்த சில்லறை தீர்ந்துபோயிற்று. "வீட்டிலேயே செய்துவிடுவோம்" என்று நான் சொன்னது முழுக்க முழுக்கச் சிக்கனத்தை உத்தேசித்துத்தான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

"குளிர்ப்பெட்டிதான் இருக்கிறதே! பாலைக் கிண்ணத்தில் ஊற்றி உள்ளே வைத்தால் தானே உறைந்துவிட்டுப் போகிறது" என்றாள் என் மனைவி. அவள் சொன்னது நியாயமே. ஆனால் குளிர்ப்பெட்டியின் கதவைச் சாத்திவிட்டால் குழந்தைகளுக்கு அங்கே என்ன வேலை? ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கதவைத் திறந்து பார்ப்பதும், அதற்காக வசவு வாங்கிக்கொள்வதுந்தான். ஆகவே பழைய முறையையே கைக்கொள்வதென்று தீர்மானித்தேன். ஒரு வாளி, மூடியுள்ள ஒரு தூக்குப் பாத்திரம், பனிக்கட்டி, கல்லுப்பு - இவ்வளவு போதும்.

ஒரு லிட்டர் பாலை முக்கால் பங்காகச் சுண்டும்வரை காய்ச்சி, நூறு கிராம் சர்க்கரையும், சிறிது பாலில் கரைத்த ஒரு தேக்கரண்டி அரோரூட் மாவும் சேர்த்து, இரண்டு கொதி வந்ததும் இறக்கி, ஏலக்காய் தட்டிப்போட்டு ஆறவிட்டோம். சர்க்கரையைத் தாராளமாகப் போடவேண்டுமென்று கடைக்குட்டி மன்றாடினாள். சர்க்கரை அதிகமானால் பால் எளிதில் உறையாது; கூழாகவே நின்றுவிடும். இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. என் கருமித்தனம் என்றே நினைத்திருக்கவேண்டும்.

கடையிலிருந்து வந்த ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி, உலக்கையால் நொறுக்கும் பணியைப் பையன் ஏற்றுக்கொண்டான். அவ்வளவு உற்சாகமாக அவன் வேறு எந்த வேலையையும் செய்து நான் பார்த்ததில்லை. இப்படி விற்கப்படும் பாளம் பெரும்பாலும் மீனையும் பிறவற்றையும் கெடாமல் வைப்பதற்காக ஏற்பட்டது. வாயில் போடத் தகுந்ததல்ல. பாத்திரத்துக்கு வெளியே இருக்கும்வரை பாதகமில்லை. ஒரு சொட்டும் உள்ளே போகலாகாது. ஆதலால் தூக்கை மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, மூடியை அழுத்தி மூடி, வாளியில் மூடிக்குக் கீழே நான்கு விரற்கடை வரையில்தான் பனிக்கட்டி போட்டோம். மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறி அடுக்கவேண்டும். வாளியைச் சுற்றிலும் சாக்கைக் கட்டி, இடையே மரத்தூளைத் திணித்தோம்.

இந்த மரத்தூளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி ஒரு கப்பலில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். குளிர்காலத்தில் உறைந்த ஏரி குளங்களில் அறுத்தெடுத்த பனிக்கட்டி அது. நான்கு மாதக் கடற்பயணத்தில், அதுவும் உஷ்ண மண்டலத்தைக் கடந்து வருகையில், சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்ததாம். மரத்தூளும் வைக்கோலும் செய்த மகிமை! சென்னைக் கடற்கரையில் 1842-ல் அவர் கட்டிய பனிக்கட்டிக் கிடங்கிலேதான் 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் அந்தப் பேட்டை ஐஸ் ஹவுஸ் என்ற பெயரை விடவில்லை. தண்ணீரில் வெடியுப்பைக் கரைத்து, அதற்குள் குடிநீர்க் கூஜாவைச் சுழற்றிக் குளிரவைக்கும் வழக்கம் அக்பர் பாதுஷாவின் அரண்மனையில் இருந்ததாக அபுல் பசல் எழுதிவைத்திருக்கிறார். இதையெல்லாம் நான் விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கியபோது மூவரும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்திக்கொண்டேன்.

பிறகு தூக்கின் கைப்பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியுமாகத் திருப்பவேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை மூடியைத் துடைத்துத் திறந்து, பக்கங்களில் படிந்திருப்பதை மரக்கரண்டியால் சுரண்டி நடுவிலே சேர்த்துக் கிளறவேண்டும். அசைக்காமல் விட்டால் பெரிய பெரிய பனித்துகள்களாகக் கட்டி, நாக்கில் மணல் போல் நெருடும். கிளறிக்கொண்டேயிருந்தால் துகள்கள் சிறுத்து மெத்தென்று வரும்.

"மாமா, உப்புப் போட்டதும் பனிக்கட்டி உருகுகிறதே! உருகினால் குளிர்ச்சி போய்விடாதா?" என்று மூத்தவள் கேட்டாள்.

நல்ல கேள்வி. பனிக்கட்டி உருகவேண்டுமானால் அதற்கு உஷ்ணம் வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு வேண்டிய 80 கலோரி உஷ்ணம், பூஜ்ய டிகிரியிலுள்ள ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரிவரை சூடாக்கப் போதுமானது. அவ்வளவையும் அது அண்டையிலுள்ள பாலிடமிருந்து பறித்துக்கொள்கிறது. உப்பு நீரோ பூஜ்ய டிகிரியில் உறைவதில்லை; உப்பும் பனிக்கட்டியும் தக்க அளவில் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரையிலும் குளிரும். நம் வாளியில் அவ்வளவு வராது. பத்துப் பன்னிரண்டு வந்தாலே போதும். ஆனால் அந்தக் குளிர்ச்சி விளையாட்டல்ல. உப்பிட்ட பனிக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யார் அதிக நேரம் பொறுப்பது என்று பந்தயம் கட்டும் பிள்ளைகளுக்குத் தோல் வெந்தது போல் கொப்புளித்துவிடும். வாளியைத் தொடுகிறவர்கள் துணி சுற்றிக்கொள்ளவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

முக்கால் மணி நேரத்தில் ஐஸ்கிரீம் தயார். அதன் கதி என்னவாயிற்று என்று வர்ணிக்க வேண்டியதில்லை. நான் எழுத வந்தது மறுநாள் நடந்த சங்கதியை.

மறுநாள் பால் ஆறுவதற்காகக் காத்திருக்கையில் பையன், "எதற்கு ஆறவிட வேண்டும், மாமா? சுடச்சுட வைத்தால் சீக்கிரம் உறையாதா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சூடாயிருப்பது முதலில் ஆறவேண்டும், அப்புறம் உறையவேண்டும். இது தெரியாதா? அதிகப்பிரசங்கி!" என்றேன். மற்ற இருவரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டான். அன்று ஐஸ்கிரீம் உண்ணவும் வரவில்லை.

இரவு படுத்த பிறகுதான் எனக்கு அந்த ஆப்பிரிக்கப் பையனின் ஞாபகம் வந்தது. 1963-ல் தாங்கனீக்காவில், எரஸ்டோ எம்பெம்பா என்ற மாணவன் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தான். குளிர்ப்பெட்டியில் இடம் போய்விடப் போகிறதே என்ற அவசரத்தில் பாலை ஆறவிடாமல் கொதிக்கக் கொதிக்க உள்ளே வைத்தான். பாலைக் காய்ச்சாமலே வைத்த இன்னொரு பையனுடையதற்கு முன்னால் அவனுடையது உறைந்துவிட்டது! ஆசிரியரைக் கேட்டான், நீ ஏதோ குழம்பிவிட்டாய் என்றார் அவர். மேல் வகுப்பில் வேறொரு ஆசிரியரைக் கேட்டான். அவர் கேலி செய்தார். பிறகு டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற பௌதிக சாஸ்திரப் பேராசிரியர் பள்ளிக்கு வந்தபோது, சகமாணவர்கள் சிரிக்கச் சிரிக்க அவரிடமும் கேட்டான். அவர் சிரிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் பரிசோதித்துப் பார்த்தார். 1969-ல் இருவர் பெயராலும் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவன் கண்டது சரியா என்பது இன்னும் தீரவில்லை. 2016-ல் இங்கிலாந்தில் இருவர் அளந்து பார்த்து, அப்படி ஒரு விளைவு இருப்பதாக நம்புவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். வேறு சிலர் உண்டு என்கிறார்கள்.

இருபது வருஷமாக நான் வகுப்பில் நிற்கிறேன். எத்தனை பிள்ளைகள் என் சிரிப்பைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் பையனை அழைத்து, "நேற்று நான் சொன்னது தப்பு. பார்க்காமலே சொல்லிவிட்டேன். பார்த்துவிடுவோமா?" என்றேன். அவன் சற்று நேரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு நோட்டுப் புத்தகம் எடுத்துவர ஓடினான்.

ஒரே மாதிரி இரண்டு டம்ளர். ஒரே அளவு பால். ஒன்று சூடு, மற்றது ஆறினது. இரண்டையும் குளிர்ப்பெட்டியின் உறைபெட்டியில் வைத்தோம். ஆறின பாலே முந்திற்று. நான் வாயைத் திறக்கவில்லை. மூத்தவள்தான், "சூடான டம்ளர் அடியிலிருந்த வெண்பனியைக் கரைத்துக்கொண்டு கோணலாக நிற்கிறது, இரண்டுக்கும் ஒரே இடம் இல்லையே" என்று கண்டுபிடித்தாள். இரண்டாம் நாள் இரண்டையும் பலகைமேல் வைத்தோம். மறுபடியும் ஆறின பால்தான். மூன்றாம் நாள் பலகையை எடுத்துவிட்டு, அடிப்பனியை மட்டமாகச் சுரண்டி வைத்தோம். ஒரு மணி நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. நாலாம் நாள் இடது பக்கத்து டம்ளரைக் கடைக்குட்டி தின்றுவிட்டாள். அது எந்த டம்ளர் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நோட்டில் பையன் எழுதியிருப்பது: "ஆறினது 2. சூடு 0. தெரியாதது 2."

குழந்தைகள் ஊருக்குப் போய்ப் பதினைந்து நாளாயிற்று. நேற்றுத் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. அங்கேயும் பரிசோதனை நடக்கிறதாம்; தெரியாதது ஐந்தாகிவிட்டதாம். கூடவே பால் கணக்கையும் அனுப்பியிருக்கிறாள்.