திரையில் தமிழ் தெரியாவிட்டால்



சென்ற மாதம் எங்கள் நிலையத்திற்கு ஒரு தாய் வந்தார். காணாமற்போன மகனைப் பற்றி அவர் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி வெள்ளத்தில் நனைந்து கூழாகிவிட்டது. பல வருடங்களுக்கு முன் அதை எங்கள் கணினியில்தான் தட்டச்சுச் செய்திருந்தோம். மகன் பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், அன்று போட்டிருந்த சேட்டின் நிறம் எல்லாம் அதில் இருந்தன. இன்னொரு பிரதி வேண்டுமென்றார்.

இதற்கிடையில் அந்தக் கணினிக்கு லினக்ஸ் போட்டிருந்தோம். அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பழைய கணினியிலும் ஓடும். கோப்பைத் திறந்தால் திரை முழுவதும் ஆங்கில எழுத்துகள். அதைப் பார்த்த அந்தத் தாய், "பிள்ளை, என்ர பொடியன்ர பேரும் அழிஞ்சு போச்சோ?" என்று கேட்டார்.

அழியவில்லை. ஏனென்பதை நாம் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் எழுதினோம். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், கணினி அதை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமிக்கும். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுப்பது பாமினி. அது இல்லாத கணினியில் ஆங்கிலம் மட்டும் தெரியும். யூனிகோட் முறை வேறு. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. 'அ' என்றால் 2949. அந்த எண் வேறெந்த எழுத்துக்கும் இல்லை.

ஆகவே, முதலில் இதைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு இல்லை. வெறும் சிறு கட்டங்கள் தெரிந்தால் யூனிகோட் தமிழ் எழுத்துரு இல்லை. இரண்டிலும் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

லிப்ரே ஆபிஸில் எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். அங்கே பெயர் சரிந்த எழுத்தில் இருந்தால், அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்று அர்த்தம்.

இனி நிறுவும் முறை:

1. பாமினி உள்ள விண்டோஸ் கணினியில், எழுத்துருக்கள் வைக்கப்பட்டுள்ள கோப்புறையிலிருந்து பாமினிக் கோப்பைப் பென் டிரைவில் எடுங்கள்.

2. லினக்ஸ் கணினியில் அக்கோப்பை இரட்டைச் சொடுக்குச் செய்யுங்கள். பெரும்பாலான கணினிகளில் எழுத்துருவின் மாதிரியும் 'இன்ஸ்டால்' என்ற பொத்தானும் வரும். அதை அழுத்துங்கள்.

3. திறந்திருக்கும் ஆவணங்களை மூடிவிட்டு, லிப்ரே ஆபிஸை மீண்டும் திறவுங்கள். பலர் இதை மறந்து, "வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

4. இப்படி நிறுவுவது அந்தப் பயனாளரின் கணக்கிற்கு மட்டுமே. நிலையத்தில் மூன்று பேருக்கு மூன்று கணக்குகள் இருந்தால் மூன்றிலும் செய்ய வேண்டும். அல்லது நிர்வாகியின் கடவுச்சொல் தெரிந்தவர் எல்லோருக்கும் பொதுவாக நிறுவலாம்.

யூனிகோட்டுக்கு லோகித் தமிழ், நோட்டோ தமிழ் ஆகிய எழுத்துருக்கள் இலவசம். லினக்ஸின் மென்பொருள் பட்டியலிலேயே கிடைக்கும்.

இத்துடன் நிறுத்திவிடக் கூடாது. பாமினிக் கடிதத்தை மின்னஞ்சலில் அப்படியே அனுப்பினால், பெறும் அலுவலகத்திலும் ஆங்கிலமாகத் தெரியலாம். வாசிக்க முடியாத முறைப்பாட்டுக்கு யார் பதில் எழுதுவார்? அதைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள், எழுத்துருவும் அதனுள்ளே சேர்ந்து போகும். நேரம் கிடைக்கும்போது, பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் பெயர், திகதி, அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் மூலத்துடன் ஒப்பிடுங்கள். சில மாற்றிகளில் புள்ளிகளும் கொம்புகளும் பிசகும். பழைய கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அன்று அயல் நிலையமொன்றில் பாமினியை வாங்கி வந்து நிறுவினோம். எழுத்துகள் தமிழில் தெரிந்ததும் அந்தத் தாய் கதிரையை இழுத்து முன்னே போட்டு, வரி வரியாக வாசித்தார். சேட்டின் நிறம் வந்த இடத்தில் சற்று நின்றார். "சரி பிள்ளை, எல்லாம் இருக்கு" என்றார். மூன்று பிரதிகள் எடுத்துக் கொடுத்தோம். ஒன்றைத் தங்கையின் வீட்டில் வைப்பதாகச் சொன்னார்.

சகோதரிகளே, உங்கள் சங்கத்துக் கணினியிலும் இப்படி எத்தனையோ பேரின் முறைப்பாடுகள், காணிக் கடிதங்கள் கிடக்கும். இந்த வாரமே மிகப் பழைய கோப்பொன்றைத் திறந்து பாருங்கள். யாராவது ஒரு தாய் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.